ஸ்கேனில் சுருங்காத கட்டி: 21 நோயாளிகளும் அவர்களுடைய டி செல்களும்

2018 ஏப்ரலில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த ஒரு சின்ன ஆய்வைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மொத்தமே 21 நோயாளிகள். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங்கும் சேர்ந்து நடத்தியது. நூற்றுக்கணக்கானவர்களை வைத்துச் செய்த பெரிய மருந்து ஆய்வுகள் எத்தனையோ இருக்க, இந்த 21 பேரைப் பற்றி இன்னும் பேசுவதற்குக் காரணம் உண்டு. நுரையீரல் கட்டிக்குள் நோய் எதிர்ப்புச் செல்கள் நிறைய இருந்தால் இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோய் எதிர்ப்பையே புற்றுக்கு எதிராகத் தூண்டிவிடும் சிகிச்சை, வேலை செய்யும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்த கணக்கு எங்கே உதவும், எங்கே காலை வாரும் என்பதை இவர்களுடைய திசுக்களை வைத்துப் பார்க்க முடிந்தது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் சிறு செல் வகை அல்லாத நுரையீரல் புற்று, முதல் நிலையிலிருந்து 3ஏ நிலை வரை, அதாவது அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடலாம் என்ற கட்டத்தில் இருப்பவர்கள். அப்போதெல்லாம் இவர்களுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த பிறகுதான் கீமோ போன்ற மற்ற மருந்துகளைப் பற்றி யோசிப்பார்கள். இங்கே வரிசையை மாற்றினார்கள். ஆபரேஷனுக்கு முன்பே நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராம், இரண்டு வார இடைவெளியில் இரண்டே டோஸ். கீமோ கிடையாது. முதல் டோஸ் போட்டு சுமார் 4 வாரத்தில் அறுவை சிகிச்சை. நோய் எதிர்ப்பைத் தூண்டிவிட்டால் நுரையீரல் வீங்கி ஆபரேஷன் தள்ளிப்போகுமோ, அதற்குள் கட்டி பரவிவிடுமோ என்பதுதான் பெரிய பயம். மருந்தால் யாருக்கும் ஆபரேஷன் தள்ளிப்போகவில்லை.

அறுவைக்கு முன் எடுத்த சி.டி. ஸ்கேன்களைப் பார்த்தால் சுவாரசியமாக ஒன்றும் இல்லை. 21 பேரில் 2 பேருக்குத்தான் கட்டி கணக்கில் எடுக்கும் அளவுக்குச் சுருங்கியிருந்தது, 18 பேருக்கு அப்படியே, ஒருவருக்கு வளர்ந்திருந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் இரண்டு டோஸ் மருந்து பெரிதாக எதுவும் செய்யவில்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் 20 பேருடைய கட்டியை வெட்டி எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிய துண்டுகளாகச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, 9 பேருடைய கட்டியில் உயிருள்ள புற்றுச் செல்கள் 10 சதவீதமோ அதற்கும் குறைவாகவோதான் மிச்சம் இருந்தன. 20க்கு 9, அதாவது 45 சதவீதம். இந்த 10 சதவீத எல்லையைத் தொட்டால் அதை நல்ல நோயியல் பதில், அதாவது மருந்து கட்டியில் நன்றாக வேலை செய்ததன் அடையாளம், என்று கணக்கில் வைப்பார்கள்.

அப்படியானால் ஸ்கேனில் கட்டி மாதிரி தெரிந்தது என்ன?

ஹாப்கின்ஸின் பேத்தாலஜி குழு, ட்ரீஷா காட்ரெல், ஜானிஸ் டாப் ஆகியோர், இதைத்தான் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்லைடாகப் பார்த்தார்கள். புற்று இருந்த இடத்தில் லிம்போசைட்டுகள் (டி செல், பி செல் போன்ற வெள்ளையணுக்கள்) கும்பல் கும்பலாக நிற்கின்றன. செத்த செல்களின் கொழுப்பைத் தின்று தின்று நுரை மாதிரி வெளுத்துப்போன மேக்ரோஃபேஜ்கள், அதாவது குப்பையை விழுங்கும் செல்கள். கொலஸ்ட்ரால் படிகங்கள் இருந்த இடத்தில், ஸ்லைடு தயாரிக்கும்போது அவை கரைந்துபோனதால், ஊசி ஊசியாக வெள்ளை இடைவெளிகள். அதைச் சுற்றிப் புதிதாக முளைத்த ரத்தக் குழாய்களும், ஆறிக்கொண்டிருக்கும் புண்ணில் வருவது போன்ற நார்த்திசுவும். புற்று கரைந்து, அந்த இடத்தை நோய் எதிர்ப்புச் செல்களும் தழும்பும் பிடித்துக்கொண்டன. வெளியிலிருந்து அளக்கும் ஸ்கேனுக்கு இரண்டும் ஒரே நிழல்தான். இந்தக் குழுவே பிறகு, இம்யூனோதெரபி போட்ட கட்டியை எப்படி மதிப்பிடுவது என்று தனியாக ஓர் அளவுகோலை எழுதியது. கீமோவுக்குப் பிறகு பார்க்கும் பழைய முறை இங்கே போதாது என்பது அவர்களுடைய வாதம். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது.

இது 21 பேர் ஆய்வு, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் கிடையாது. மருந்து நல்லதா என்று முடிவு கட்ட இது போதாது. ஆனால் இதில் வேறொரு லாபம் இருந்தது. பரவிய நிலைப் புற்றில் கிடைப்பது ஊசி வழியாக எடுத்த நூல் மாதிரி ஒரு துணுக்கு. இங்கே, மருந்து போட்ட சில வாரங்களில், கட்டி முழுசாக, பக்கத்து நல்ல நுரையீரலோடும் நிணநீர் முடிச்சுகளோடும் சேர்ந்து கையில் கிடைத்தது. மருந்து உள்ளே போய் என்ன செய்தது என்று நேராகப் பார்க்கலாம்.

மருந்து எதைத் தொடுகிறது என்பது பலருக்கும் தெரிந்திருக்கும், அதனால் சுருக்கமாக. டி செல் என்பது எதிரியை அடையாளம் கண்டு தாக்கும் ஒரு வகை வெள்ளையணு. அதன் மேல் பிடி-1 என்று ஒரு புரதம். கியோட்டோவில் தாசுகு ஹோன்ஜோ குழு 1992இல் கண்டுபிடித்தது, அதற்காக 2018இல் அவருக்கு நோபல், ஜேம்ஸ் ஆலிசனோடு பகிர்ந்து. கட்டி தன் மேல் பிடி-எல்1 என்ற புரதத்தைக் காட்டி இந்த பிடி-1ஐ அழுத்தும், டி செல் அடங்கிவிடும். நிவோலுமாப், பெம்ப்ரோலிஸுமாப் போன்றவை இடையில் புகுந்து அந்த அழுத்தலைத் தடுக்கின்றன. எல்லோரும் இதை பிரேக்கிலிருந்து காலை எடுப்பது என்பார்கள். சரி, ஆனால் பிரேக்கை விட்டால் ஓடுவதற்கு வண்டியில் எஞ்சின் இருக்க வேண்டும், அது போக வேண்டிய திசையைப் பார்த்தும் நிற்க வேண்டும். நுரையீரல் கட்டியில் இந்த இரண்டும்தான் சிக்கல்.

மருத்துவமனையில் செய்யும் வழக்கமான சோதனை பிடி-எல்1 எத்தனை சதவீதம் என்பது. 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கு பெம்ப்ரோலிஸுமாப் மட்டும் கொடுத்த கீநோட்-024 ஆய்வில்கூட கட்டி சுருங்கியது 45 சதவீதம் பேருக்குத்தான். பால்டிமோர் ஆய்விலோ பிடி-எல்1 இருந்தவர்களிலும் நல்ல பதில் வந்தது, இல்லாதவர்களிலும் வந்தது. கட்டியில் மரபணு மாற்றங்கள் எத்தனை என்ற எண்ணிக்கைதான் அங்கே பதிலோடு நன்றாக ஒத்துப்போனது. மாற்றம் கூடக் கூட, உடலுக்கு அந்நியமாகத் தெரியும் புரதத் துண்டுகளும் கூடும், டி செல்லுக்குப் பிடி கிடைக்கும். சிகரெட் பிடித்தவர்களின் கட்டியில் மாற்றங்கள் அதிகம், அதனால் இந்த மருந்துக்கு அவர்களிடம் பதிலும் சற்று கூடுதல் என்ற விசித்திரம் இப்படித்தான் வருகிறது.

ஆனாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான். அந்த அந்நியத் துண்டை அடையாளம் காணும் செல் நிஜமாகவே கட்டிக்குள் இருக்கிறதா? இருந்தால் என்ன நிலையில் இருக்கிறது? இதற்கான பதில் 2021இல் நேச்சர் இதழில் வந்தது. ஜஸ்டினா கௌஷி, கெல்லி ஸ்மித், ட்ரூ பார்டோல் குழு, இப்படி ஆபரேஷனுக்கு முன்பே மருந்து போட்டுக்கொண்ட 16 பேரின் திசுக்களிலிருந்து 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான டி செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தது.

செய்முறையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாமர்த்தியம் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு டி செல்லின் மேலும் எதிரியை அடையாளம் காணும் ஓர் ஏற்பி இருக்கும், அந்த ஏற்பியின் மரபணு வரிசை அந்தச் செல்லுக்கும் அதன் வழியில் பிறந்த செல்களுக்கும் மட்டுமே உரியது. இப்போது நோயாளியின் கட்டியில் என்னென்ன மரபணு மாற்றங்கள் என்று படித்து, அந்த மாற்றங்களால் வரக்கூடிய புரதத் துண்டுகளைச் செயற்கையாகத் தயாரித்து, நோயாளியின் சொந்த ரத்தத்திலிருந்து எடுத்த டி செல்களோடு தட்டில் போட்டு 10 நாள் வளர்க்கிறார்கள். எந்தத் துண்டுக்கு எந்தச் செல் பல்கிப் பெருகுகிறது என்று அதன் ஏற்பி வரிசையை வைத்துக் கண்டுபிடிக்கலாம். இன்ஃப்ளூயன்ஸா, எப்ஸ்டீன்-பார் வைரஸ் துண்டுகளையும் அதேபோல் போட்டுப் பார்க்கிறார்கள். அப்புறம் அதே வரிசையைக் கட்டிக்குள் கிடைத்த லட்சக்கணக்கான செல்களில் தேடினால், இது புற்றைப் பார்க்கும் செல், இது ஃப்ளூவைப் பார்க்கும் செல் என்று ஆளை அடையாளம் காட்டிவிடலாம். அந்தந்தச் செல்லில் எந்த மரபணுக்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன என்பதும் கூடவே தெரியும்.

கட்டிக்குள் இருக்கும் டி செல்களில் பெரும்பான்மை புற்றை அடையாளம் காண்பதே இல்லை என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். சிங்கப்பூரில் எவன் நியூவெல் குழு 2018இலேயே நுரையீரல், பெருங்குடல் கட்டிகளில் இதைக் காட்டியிருந்தது: பழைய வைரஸ்களுக்காக உருவான சிடி8 செல்கள் (கொல்லும் வேலையைச் செய்யும் டி செல் வகை) கட்டிக்குள் நிறைய, அவை சும்மா வேடிக்கை பார்க்கின்றன, அவற்றின் மேல் சிடி39 என்ற புரதம் இருக்காது. நுரையீரலில் இது அதிகமாக இருப்பதில் ஆச்சரியமும் இல்லை. வாழ்நாள் முழுக்க மூச்சோடு கிருமிகளை வாங்கிக்கொள்ளும் உறுப்பு அது, போன வருஷக் காய்ச்சலின் நினைவுச் செல்கள் திசுவிலேயே குடியிருக்கும். அங்கே ஒரு கட்டி முளைத்தால் இவையும் அதற்குள் அகப்பட்டுக்கொள்கின்றன. ஆக, பயாப்ஸி ரிப்போர்ட்டில் லிம்போசைட் நிறைய என்று எழுதியிருந்தால் அதில் ஃப்ளூ செல் எத்தனை, புற்றுச் செல்லைப் பார்ப்பது எத்தனை என்று அந்த வரிக்குத் தெரியாது.

கௌஷி குழுவின் முடிவில் என்னை நிறுத்தி வைத்தது வேறு. புற்றைக் குறிவைக்கும் செல்கள், மருந்துக்கு நன்றாகப் பதில் வந்த கட்டிகளிலும் இருந்தன, பதில் வராத கட்டிகளிலும் இருந்தன. சரியான செல் இருந்தாலே போதும் என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பும் இங்கே அடிபட்டது. ஒரே கட்டிக்குள் இருக்கும் இரண்டு டி செல்களை ஒப்பிட்டால், ஃப்ளூவுக்கான செல் நல்ல நினைவுச் செல்லாக இருக்கிறது, இன்டர்லூக்கின்-7 என்ற உயிர்வாழும் சமிக்ஞையை வாங்கும் ஏற்பி அதில் நிறைய. புற்றுக்கான செல்லும் திசுவில் குடியிருக்கும் நினைவுச் செல் வகைதான், ஆனால் அந்த ஏற்பி குறைவு, சமிக்ஞை கொடுத்தாலும் மந்தமாகத்தான் எழுகிறது. தினமும் தன் எதிரியைப் பார்த்துக்கொண்டே இருந்தும் கொல்வதற்கான முழு ஆயத்தத்துக்கு வரவில்லை, பாதியில் நிற்கிறது.

பதில் வராத கட்டிகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே புற்றுக்கான செல்களின் ஏற்பி, தன் இலக்கைத் தொட்டபோது உள்ளே அனுப்பும் சமிக்ஞையே மிகவும் பலவீனம். அடக்கும் புரதங்கள் பிடி-1 மட்டும் இல்லை, பல சேர்ந்து ஒரே நேரத்தில் ஏறியிருந்தன. ஒன்றைத் தடுத்தால் மற்றவை பிடித்துக்கொள்ளும். ஒரு டி செல் கடைசிவரை களைத்துப்போன பிறகு மருந்து போட்டு அதைத் திருப்புவது கடினம் என்று எலிகளில் பார்த்ததோடு இது ஒத்துப்போகிறது.

ஆனால் களைத்த செல் என்றால் உதவாத செல் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. இங்கேதான் விஷயம் கொஞ்சம் சுற்றி வருகிறது. சுவிட்சர்லாந்தின் பாசெலில் டேனியெலா தொம்மன் குழு 2018இல் நுரையீரல் கட்டிகளில் பிடி-1 மிக அதிகமாக உள்ள சிடி8 செல்களைத் தனியாகப் பிரித்தது. புற்றை அடையாளம் காணும் திறன் அவற்றில்தான் அதிகம். அந்தச் செல்கள் இருந்த நோயாளிகளுக்குப் பிடி-1 மருந்து நன்றாக வேலை செய்தது. அவை சிஎக்ஸ்சிஎல்13 என்ற ரசாயன அழைப்பை வெளியே கொட்டிக்கொண்டிருந்தன, அந்த அழைப்புக்கு ஓடி வருபவை பி செல்கள். டி செல் தானே நேரடியாகக் கொல்ல முடியாவிட்டாலும் ஆளைக் கூப்பிடுகிறது. பி செல்கள் வந்து சேர்ந்து, டி செல்களும், எதிரியின் துண்டை அவற்றுக்குக் காட்டிக்கொடுக்கும் டென்ட்ரிடிக் செல்களும் கூடி, கட்டியின் ஓரத்தில் குட்டி நிணநீர் முடிச்சு மாதிரியே ஒன்று உருவாகிறது. பாரிஸில் மரி-கரோலின் தியூ-நோஜான் குழு 2008இலேயே ஆரம்ப நிலை நுரையீரல் கட்டிகளில் இந்த அமைப்பைப் பார்த்து, அது இருப்பவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள் என்று எழுதியிருந்தது, இம்யூனோதெரபி மருந்துகள் சந்தைக்கு வருவதற்கு முன்பே. 2022இல், பிடி-எல்1ஐத் தடுக்கும் அடெசோலிசுமாப் என்ற மருந்தை டோசிடாக்ஸெல் கீமோவோடு ஒப்பிட்ட ஓக், பாப்லர் என்ற இரண்டு ஆய்வுகளின் திசுக்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது, கட்டியில் பிளாஸ்மா செல்கள், அதாவது ஆன்டிபாடி தயாரிக்கும் நிலைக்கு வந்த பி செல்கள், அதிகம் இருந்தவர்கள் அடெசோலிசுமாபில் அதிக காலம் வாழ்ந்தார்கள். இத்தனை வருஷம் டி செல்லையே பார்த்துக்கொண்டிருந்த துறை இது, பி செல்லைக் கொஞ்சம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது என்றே சொல்லலாம்.

நியூயார்க்கின் மவுன்ட் சைனாயில் மிரியம் மெராட் குழு 2021இல் 35 ஆரம்ப நிலை நோயாளிகளின் கட்டிகளை இதேபோல் செல் செல்லாகப் பிரித்தது. சிஎக்ஸ்சிஎல்13 விடும் டி செல், ஆன்டிபாடி விடும் பிளாஸ்மா செல், ஒரு குறிப்பிட்ட வகை மேக்ரோஃபேஜ் மூன்றும் சேர்ந்தே வருகின்றன, சேர்ந்தே இல்லாமல் போகின்றன. இந்தக் கூட்டணி இருப்பதற்கும் கட்டியில் மொத்தம் எத்தனை நோய் எதிர்ப்புச் செல்கள் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. மரபணு மாற்ற எண்ணிக்கையோடும், புற்றைத் தடுக்கும் பி53 என்ற மரபணுவின் சேதத்தோடும்தான் அது ஒட்டிப் போகிறது. கூட்டணி வலுவாக இருந்தால் இம்யூனோதெரபி பதிலும் நன்றாக இருக்கிறது.

மருந்து எதிராகவும் திரும்பலாம். நோய் எதிர்ப்பை அடக்கி வைக்கும் ரெகுலேட்டரி டி செல்களிலும் பிடி-1 உண்டு, மருந்துக்கு எது எந்தச் செல் என்று தெரியாது. ஜப்பானில் ஹிரோயோஷி நிஷிகாவா குழு 2020இல் காட்டியது: சிடி8இல் உள்ள பிடி-1க்கும் ரெகுலேட்டரி செல்லில் உள்ள பிடி-1க்கும் இடையிலான தராசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைப் பொறுத்தே பலன். அடக்கும் செல்லின் பக்கம் சாய்ந்திருந்தால் மருந்து அதைத்தான் கிளப்பிவிடும்.

அப்புறம், செல்களே உள்ளே வராத கட்டிகள். புற்றை வளர்க்கும் கேராஸ் மரபணுவின் மாற்றத்தோடு எஸ்டிகே11 மரபணுவும் பழுதான நுரையீரல் புற்று இதற்கு நல்ல உதாரணம். ஃபெர்டினாண்டோஸ் ஸ்குலிடிஸ் 2018இல் வெளியிட்ட கணக்கில், கேராஸோடு பி53 பழுதானவர்களில் 35.7 சதவீதம் பேருக்கு பிடி-1 மருந்து வேலை செய்தது, கேராஸோடு எஸ்டிகே11 பழுதானவர்களில் 7.4 சதவீதம்தான். புற்றை வளர்க்கும் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற வேறு மரபணுக்களில் மாற்றம் உள்ளவர்கள் இன்னொரு கூட்டம். பல நாட்டு மருத்துவமனைகளின் தகவல்களைத் திரட்டி 2019இல் வந்த தொகுப்பில் ஈஜிஎஃப்ஆர் இருந்தவர்களுக்கு 12 சதவீதம், ஏஎல்கேவுக்குப் பூஜ்யம். இந்தியாவில் அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்று நோயாளிகளிடம் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் மேலை நாடுகளைவிட அதிகம், சிகரெட்டைத் தொட்டே பார்க்காத பெண்கள் அதில் நிறைய. லட்சக்கணக்கில் செலவழித்து இம்யூனோதெரபி தொடங்குவதற்கு முன் இந்த மரபணுச் சோதனை ரிப்போர்ட் வரட்டும் என்று டாக்டர் காத்திருக்கச் சொன்னால், அவர் இழுத்தடிக்கவில்லை. இம்யூனோதெரபி முதலில் போட்டுவிட்டு உடனே ஈஜிஎஃப்ஆர் மாற்றத்துக்கான ஆஸிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் ஆபத்தும் உண்டு.

அந்த 21 பேருக்கு என்ன ஆனது? 2023இல் ஐந்து வருடக் கணக்கு வந்தது. 80 சதவீதம் பேர் உயிரோடு, 60 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை. கட்டியில் உயிருள்ள புற்று 10 சதவீதமோ குறைவாகவோ மிஞ்சிய 9 பேரில் ஒருவர்கூடப் புற்றால் இறக்கவில்லை. இதற்குள் அணுகுமுறை பெரிய ஆய்வுக்குப் போய்விட்டிருந்தது: செக்மேட்-816, 358 பேர், ஆபரேஷனுக்கு முன் மூன்று சுற்று கீமோவும் நிவோலுமாபும் ஒரு பக்கம், கீமோ மட்டும் மறு பக்கம். ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே இருப்பது தெரிந்தவர்களை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டார்கள். கட்டியில் ஒரு புற்றுச் செல்கூட மிச்சமில்லாமல் போனது 24 சதவீதம் பேருக்கு, கீமோ மட்டும் என்றால் 2.2 சதவீதம். அமெரிக்காவில் 2022 மார்ச்சில் இதற்கு அனுமதி கிடைத்தது. ஐந்து வருடத்தில் உயிரோடு இருப்பவர்கள் 65.4 சதவீதம், மறு பக்கம் 55 சதவீதம்.

களைத்த செல்லை எழுப்ப முடியாவிட்டால் வெளியே எடுத்து வளர்த்துக் கொடுக்கலாமே என்று ஃப்ளோரிடாவின் மோஃபிட் மையத்தில் பென் கிரீலன் குழு முயன்றது. நிவோலுமாபுக்குப் பிறகும் நோய் வளர்ந்தவர்களின் கட்டியை எடுத்து, அதிலிருந்த டி செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, அவர்களுக்கே திரும்ப ஏற்றினார்கள். 2021இல் வந்த முடிவில், மதிப்பிட முடிந்த 13 பேரில் 3 பேருக்கு உறுதியான பதில், அதில் இரண்டு பேருக்கு ஒன்றரை வருடம் கழித்தும் நோய் சுவடே இல்லை. பெய்ஜிங்கில் ஷாங் ஸெமின் குழு 2022இல் பார்த்தது இதற்குப் பக்கத்தில் வருகிறது. பதில் வந்த நோயாளிகளின் கட்டியில் மருந்துக்குப் பிறகு கூடியவை முழுக்கக் களைத்துப்போனவை இல்லை, அதற்கு முந்தைய கட்டத்தில் நிற்கும், இன்னும் பெருகும் தெம்புள்ள செல்கள். அவற்றில் ஒரு பங்கு கட்டிக்குள்ளேயே பெருகியது, ஒரு பங்கு ரத்தத்திலிருந்து வந்து சேர்ந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒரு சாதாரண நோயாளியின் கையில் இருக்கும் ரிப்போர்ட்டில் பிடி-எல்1 சதவீதமும் மரபணு மாற்றப் பட்டியலும்தான் இருக்கும். சிடி39, சிஎக்ஸ்சிஎல்13, பிளாஸ்மா செல் எதுவும் வழக்கமான சோதனையில் வருவதில்லை. செல் செல்லாகப் பிரித்துப் படிக்கப் பெரும்பாலும் உயிருள்ள புதுத் திசு வேண்டும், மெழுகில் பதித்து அலமாரியில் வைத்த பிளாக் அதற்கு எளிதில் ஆகாது. ஊசியில் எடுத்த துணுக்கிலோ கட்டியின் ஓரத்தில் இருக்கும் பி செல் கும்பல் சிக்கவும் செய்யலாம், இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் குத்தியிருந்தால் சிக்காமலும் போகலாம். பிளாக்கில் செய்யக்கூடிய சாயச் சோதனைகளாக இவற்றை மாற்றும் வேலை நடக்கிறது. அது வரும்வரை, ரிப்போர்ட்டில் லிம்போசைட் ஊடுருவல் அதிகம் என்று ஒரு வரி இருந்தால், அதை டாக்டரிடம் காட்டிக் கேட்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து மருந்து பிடிக்கும் என்றோ பிடிக்காது என்றோ யாரும் சொல்லிவிட முடியாது.